விடியற்காலையா, நடையா, துண்டுச்சீட்டா: ஆய்வு எழுதுபவர் எந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்வது?

ஆய்வு மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பகுதி ஆய்வு முறையியலைத் தொடுவதே இல்லை. ஒரு நாளை எப்படி ஓட்டுவது என்பதுதான் கேள்வி. ஒருவர் காலை ஐந்து மணிக்கு எழச் சொல்லியிருப்பார். இன்னொருவர் தினமும் நடந்தால் யோசனை தானாக வரும் என்றிருப்பார். யூடியூபில் யாரோ 25 நிமிடத் தக்காளிக் கடிகாரத்தைக் காட்டியிருப்பார்கள். சீனியர் ஸ்காலர் ஒருவர் ஷூ பெட்டி நிறையத் துண்டுச்சீட்டு வைத்திருப்பார். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்து பார்த்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தங்களிடம்தான் ஏதோ கோளாறு என்ற முகத்தோடு வந்து நிற்பார்கள். பெரும்பாலும் அவர்களிடம் கோளாறு இருப்பதில்லை. தங்கள் நாளுக்குப் பொருந்தாத பழக்கத்தைப் பிடித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

நம் ஊர்க் கல்லூரி நாள் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளின்படி ஆசிரியருக்கு வாரம் 40 மணி நேர வேலை. அதில் உதவிப் பேராசிரியர் நேரடியாக வகுப்பெடுக்க வேண்டியது 16 மணி நேரம். மீதி 24 மணி நேரம் ஆய்வுக்குத்தானே என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். இன்டர்னல் மதிப்பெண், அசைன்மென்ட் திருத்தம், நாக் (கல்லூரித் தர மதிப்பீட்டு) ஃபைல், மென்டார் பதிவேடு, இன்விஜிலேஷன், திடீர் மீட்டிங் எல்லாம் அதில்தான் நுழைகின்றன. ஸ்காலர்களுக்கோ 2022 விதிகள் முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டு என்று வரம்பு கட்டியிருக்கின்றன. ஆக, நமக்குக் கிடைப்பது முழு நாள் கிடையாது. இடுக்குகள்தான். எந்தப் பழக்கம் அந்த இடுக்கில் நிற்கும் என்பதே இங்கே தேர்வு.

## எதை வைத்து எடைபோடுவது

பெரிய அறிஞர் ஒருவர் செய்தார் என்பது ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளக் காரணமாகாது. நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, அது எந்த முட்டுக்கட்டையை நீக்குகிறது? உட்காரவே முடியாதது ஒரு நோய். உட்கார்ந்தபின் யோசனை ஓடாதது வேறு நோய். யோசித்ததையும் படித்ததையும் தொலைத்துவிடுவது மூன்றாவது. ஒரு வாரம் செய்து மறுவாரம் கைவிடுவது நான்காவது. நான்குக்கும் ஒரே மருந்து கிடையாது. உங்களுக்கு எது என்று தெரியாமல் பழக்கத்தைத் தேடுவதில் பயனில்லை.

இரண்டாவது, வகுப்பும் மீட்டிங்கும் கிழித்துப்போட்ட நாளிலும் அது நடக்குமா?

மூன்றாவது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. அறிஞர்களின் தினசரி வழக்கங்களை வியந்து எழுதுபவர்கள், அந்த நேரத்தில் அடுப்படியில் யார் நின்றார்கள் என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஒரு பழக்கத்தின் விலை வீட்டிலுள்ள இன்னொருவர் தலையில் விழுந்தால் அது நீடிக்காது. நீடிக்கவும் கூடாது.

நான்காவது, பத்து நாள் விட்டுப்போனால் திரும்பி வருவது எவ்வளவு கடினம்? விடைத்தாள் திருத்தும் முகாம் வந்தால் எல்லாம் விட்டுத்தான் போகும்.

ஐந்தாவது, சாயங்காலம் கையில் எழுத்தாக ஏதாவது மிஞ்சுமா?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் அட்டவணை. காரணங்களெல்லாம் அதற்குக் கீழே.

| பழக்கம் | எந்த முட்டுக்கட்டைக்கு | கிழிந்த நாளில் | விலை யார் தலையில் | விட்டுப்போனால் திரும்புவது |
|---|---|---|---|---|
| தினம் ஒரே நேரம் | உட்கார முடியாமை, தொடர்ச்சி | உடையும் | வீட்டார், உங்கள் தூக்கம் | கடினம் |
| நடை | யோசனை ஓடாமை | பாதி நிற்கும் | உடல், வெயில், பாதுகாப்பு | மிக எளிது |
| துண்டுச்சீட்டு | படித்ததைத் தொலைத்தல் | நன்றாக நிற்கும் | உங்கள் நேரம் | எளிது |
| 25 நிமிடக் கடிகாரம் | உட்கார முடியாமை | நன்றாக நிற்கும் | ஆழ்ந்த யோசனை | மிக எளிது |
| கரும்பலகை, பெரிய தாள் | யோசனை ஓடாமை | இடம் கிடைத்தால் நிற்கும் | அழிந்துபோகும் வேலை | எளிது |
| சேர்ந்து எழுதுதல் | உட்கார முடியாமை, தொடர்ச்சி | உடையும் | மற்றவர்களின் நேரம் | நடுத்தரம் |

## தினம் ஒரே நேரம்

கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டி காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை தன் கணக்கைப் பார்ப்பார். மதியத்துக்கு மேல் டென்னிஸ், கோடையானால் கிரிக்கெட் பார்க்கப் போய்விடுவார். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரப் படைப்பு வேலைதான் கணிதவியலாளருக்கு எல்லை என்பது அவர் எண்ணம். நான்கு மணி நேரமே எல்லை என்பது ஆறுதலான செய்திதான். ஆனால் ஹார்டி திருமணம் செய்துகொள்ளாமல் கல்லூரி அறையில் வாழ்ந்தவர். சாப்பாடு கல்லூரியில் கிடைத்தது, அறையைப் பராமரிக்க ஆள் இருந்தது. அந்த ஒன்பது மணியை அவருக்காக மற்றவர்கள் காலியாக்கி வைத்திருந்தார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு ஆய்வுத் துணையும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1980களில் பேராசிரியர்களின் எழுத்துப் பழக்கத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார். நீண்ட விடுமுறைக்காகக் காத்திருந்து ஒரே மூச்சில் எழுதுபவர்களைவிட, தினமும் சிறிது நேரம் எழுதுபவர்கள் அதிகம் எழுதுகிறார்கள் என்பது அவர் கண்டது. நியூசிலாந்தின் ஹெலன் ஸ்வோர்ட் 2016இல் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். நிறைய எழுதி வெற்றிகண்ட கல்வியாளர்களில் பலர் தினமும் எழுதுபவர்கள் இல்லை என்று, அவர்களிடமே கேட்டு எடுத்துக்காட்டினார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது: எழுதவே முடியாமல் தவிப்பவருக்குத் தினசரி நேரம் நல்ல ஊன்றுகோல். ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர் அது தன்னிடம் இல்லையே என்று குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

விலை விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஆய்வு செய்யும் ஒரு பெண் சொன்னார்: "அஞ்சு மணிக்கு எந்திரிச்சு லேப்டாப்பைத் திறக்கறதுக்குள்ள, ‘எந்திரிச்சிட்டியா, பால் வந்திருச்சா பாரு’ன்னு உள்ளேருந்து குரல் வருது மேம்." பால் பாக்கெட்டை எடுத்து வைத்தால் குழாயில் தண்ணீர் வரும் நேரம். மோட்டார் போட்டால் டிபன் பாக்ஸ். அதே வீட்டில் ஓர் ஆண் ஐந்து மணிக்கு எழுந்தால் "படிக்கிறான்" என்பார்கள். பெண் எழுந்தால் வேலைக்குக் கூடுதலாக ஒரு கை கிடைத்துவிட்டது என்று பொருள். விடியற்காலை அறிவுரையைச் சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விடுவது அநியாயம் என்றே நினைக்கிறேன். இரவு பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுவதும் அப்படித்தான். தூக்கத்திலிருந்து எடுத்த நேரத்துக்கு மதியம் மூன்று மணி வகுப்பில் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும்.

அதனால் நான் சொல்வது: விடியற்காலையைத் தேடாதீர்கள், யாருக்கும் உரிமையில்லாத நேரத்தைத் தேடுங்கள். என் சக ஆசிரியை ஒருவரைக் கல்லூரிப் பேருந்து எட்டேகாலுக்கு இறக்கிவிடும். முதல் ஹவர் ஒன்பது மணிக்கு. அந்த முக்கால் மணி நேரம் அவர் ஸ்டாஃப் ரூமுக்குப் போக மாட்டார். மூன்றாம் மாடியில் காலியாக இருக்கும் வகுப்பறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முந்தின நாள் நிறுத்திய வாக்கியத்திலிருந்து எழுதுவார். ஒவ்வொரு நாளும் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுவதை வேண்டுமென்றே செய்கிறார். மறுநாள் எங்கே தொடங்குவது என்ற கேள்வியே எழாது. இதற்கும் விலை இல்லாமலில்லை. "மேடம் நம்மகூட உக்கார மாட்டாங்க" என்ற பேச்சு கொஞ்ச காலம் இருந்தது. அவர் மதியச் சாப்பாட்டை எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டே அதைச் சரிசெய்தார்.

இந்தப் பழக்கம் சிறப்பது: தீசிஸ் எழுதும் கடைசிக் கட்டத்தில், தரவெல்லாம் கையில் வந்தபின். பொருந்தாதது: கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு, ஷிஃப்ட் கல்லூரியில் நேரம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு.

## நடை

டார்வின் 1842 முதல் வாழ்ந்த டவுன் ஹவுஸ் வீட்டருகே அவருக்கென்று ஒரு நடைபாதை இருந்தது. இத்தனை சுற்று என்று வைத்துக்கொண்டு, பாதையோரம் சிக்கிமுக்கிக் கற்களைக் குவித்து, ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவார் என்று அவர் மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். சுற்றை எண்ணும் வேலையைக்கூட மனதுக்குத் தரவில்லை. இந்தச் சின்ன ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. நடக்கும்போது கைப்பேசியில் அடிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டே போவதற்கு இது நேர் எதிர்.

நடையில் விடை கிடைத்த கதைகள் ஏராளம். டப்ளினில் 1843 அக்டோபர் 16 அன்று மனைவியோடு கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்த கணிதவியலாளர் ஹாமில்டனுக்கு, குவாட்டர்னியன் என்ற புதுவகை எண்களுக்கான சூத்திரம் பளிச்சிட்டது. பாலத்துக் கல்லில் கத்தியால் அதைக் கீறினார் என்பது எல்லோரும் சொல்வது. சட்டைப்பை நோட்டை எடுத்து அங்கேயே குறித்தும் வைத்தார் என்பதுதான் நமக்கு வேண்டியது. 1925இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடையில் பால் டிராக்குக்குக் குவாண்டம் இயக்கவியலுக்கான முக்கியமான பொறி தட்டியது. சரிபார்க்க வேண்டிய புத்தகம் வீட்டில் இல்லை, நூலகம் மூடியிருந்தது. திங்கள் காலைவரை தவித்துக் காத்திருந்தார்.

2014இல் ஸ்டான்ஃபோர்டின் மரிலி ஒப்பெசோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் வெளியிட்ட ஆய்வு இதில் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. புதிய யோசனைகளை விரிக்கும் வேலைக்கு நடை நன்றாக உதவுகிறது. ஒரே ஒரு சரியான விடையைத் தேடும் வேலையில் நடப்பவர்கள் கொஞ்சம் பின்தங்கவே செய்தார்கள். ஆகவே "அடுத்த இயலை எப்படிப் பிரிப்பது" என்ற கேள்வியோடு நடக்கலாம். அட்டவணையில் எங்கே கூட்டல் தப்பியது என்று கண்டுபிடிக்க நாற்காலிதான் சரி. இன்னொன்று: வெற்றுச் சுவரைப் பார்த்தபடி ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. இது நமக்குப் பெரிய நிம்மதி. கடற்கரையோ தோப்போ தேவையில்லை. மொட்டை மாடி போதும். கொடிக்கயிற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் போய்வந்தாலே போதும்.

நம் ஊரில் காலை பத்திலிருந்து மாலை நான்குவரை வெளியே நடப்பது ஆண்டில் பல மாதங்களுக்கு முடியாத காரியம். ஆறு மணிக்கு முன் வளாகத்தில் தனியாக நடக்கும் பெண் நாய்களையும் ஆட்களையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இதெல்லாம் அறிவுரைப் பட்டியல்களில் வராத செலவு. முழங்கால் வலியுள்ளவர் இதைத் தவிர்த்துவிட்டுக் கரும்பலகைக்குப் போகலாம்.

நடையின் பெரிய பலவீனம், அது எதையும் எழுத்தாக விட்டுப்போகாது என்பது. ஹாமில்டனின் நோட்டுக்கு இணையாக இப்போது பலர் செய்வது, வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது. நன்றாக வேலை செய்கிறது. ஒரு நிபந்தனை: அன்றிரவுக்குள் கேட்டு எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் மூச்சிரைப்பும் காக்கைச் சத்தமும்தான் புரியும்.

## துண்டுச்சீட்டு

ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் (1927–1998) ஏறத்தாழ 90,000 துண்டுச்சீட்டுகள் விட்டுச் சென்றார். இப்போது அவை பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1950களின் தொடக்கத்தில், பேராசிரியராகும் முன்பே தொடங்கிய பழக்கம். ஒரு சீட்டில் ஒரு எண்ணம். சீட்டுக்கு ஓர் எண். அந்த எண்ணத்திலிருந்து கிளைப்பதற்கு 1, 1அ, 1அ1 என்பதுபோல எண்ணை நீட்டிக்கொண்டே போவார். தலைப்புவாரியாக அடுக்குவதில்லை. தொடர்புள்ள இன்னொரு சீட்டின் எண்ணை இதில் குறித்து வைப்பார். தடித்த அட்டை வேண்டாம், பெட்டி சீக்கிரம் நிரம்பிவிடும், சாதாரணத் தாளே போதும் என்பது அவர் அனுபவம்.

இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்த ஒருவரை எனக்குத் தெரியும். தமிழ்த் துறையில் ஓய்வுபெற்றவர். கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்து, எழுத்தில்லாத பக்கங்களை ஒரே அளவாகக் கத்தரித்து வைத்திருப்பார். மஞ்சள் தடவிய ஓரங்களைக்கூட விடமாட்டார். முன்பக்கத்தில் சங்கப் பாடல் எண்ணும் ஒரு குறிப்பும் இருக்கும். திருப்பினால் பாதி வெட்டுப்பட்ட மணமகன் பெயரும் முகூர்த்த நேரமும். ரப்பர் பேண்டு போட்டுப் பழைய பிஸ்கட் டின்களில் வைத்திருந்தார். பேருந்தில், வங்கி வரிசையில், இன்விஜிலேஷன் முடிந்து விடைத்தாள் கட்டும் இடைவெளியில் ஒரு சீட்டு எழுதுவார். லூமன் சொன்னதுபோல அந்தத் தடித்த அட்டைகள் டின்களை விரைவில் நிரப்பின. ஆனால் அட்டை என்பதால் கையிலேயே வைத்து எழுத முடிந்தது, மேசை தேவைப்படவில்லை. மேசை கிடைக்காத நம் நாளுக்கு அது நல்ல பேரம்.

இடுக்குகளில் நிற்பதில் இந்தப் பழக்கத்துக்கு இணை கிடையாது. மூன்று நிமிடம் போதும். பத்து நாள் விட்டாலும் பெட்டி கோபித்துக்கொள்ளாது. விலை வீட்டில் யார் தலையிலும் விழாது, பரணில் கொஞ்சம் இடம் போகும்.

மறைவான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. நூல் எழுதுவதைவிடப் பெட்டிக்கே தனக்கு அதிக நேரம் போகிறது என்று லூமனே சொல்லியிருக்கிறார். முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒரே பெரிய கோட்பாட்டைக் கட்டுபவருக்கு அது லாபம். நான்கு ஆண்டில் தீசிஸ் கொடுக்க வேண்டியவருக்கு ஆபத்து. சீட்டு எழுதுவது வேலை செய்த நிறைவைத் தரும். அந்த நிறைவில் இயல் எழுதாமலே ஆண்டுகள் போகும். கணினியில் இதற்கென்று மென்பொருள் வைத்திருப்பவர்களிடம் இந்த நோய் இன்னும் அதிகம் பார்க்கிறேன். குறிப்புகளை இணைக்கும் கோடுகளை அழகுபடுத்துவதிலேயே ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துவிடும். சினாப்சிஸ் (தீசிஸின் சுருக்கம்) கொடுக்கும் தேதி தெரிந்துவிட்டால் புதுச் சீட்டு எழுதுவதை நிறுத்துங்கள். இருக்கும் சீட்டுகளைத் தரையில் பரப்பி வரிசைப்படுத்தி எழுதத் தொடங்குங்கள்.

## 25 நிமிடக் கடிகாரம்

இத்தாலியில் 1980களின் பிற்பகுதியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கியது. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு முறை முடிந்தால் நீண்ட ஓய்வு.

கல்லூரி ஃப்ரீ ஹவர் 50 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடி ஏறி வருவதற்கும், அடுத்த வகுப்புக்கு வருகைப்பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கும் போக, ஒரு முழு 25 நிமிடமும் இன்னொரு அரையும் அதற்குள் அடங்கும். விடைத்தாள் திருத்தம், மேற்கோள் பட்டியல் சரிபார்ப்பு, தரவை எக்செல்லில் ஏற்றுவது, நேர்காணலை எழுத்தாக்குவது போன்ற வேலைகளுக்கு இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. வெறுப்பான வேலையைத் தொடங்க 25 நிமிடம் பயமுறுத்தாத அளவு.

ஆனால் ஒரு நிரூபணத்தின் நடுவில், ஒரு கல்வெட்டு வரியின் பொருள் பிடிபடப்போகும் நேரத்தில் மணி அடித்தால் அது உதவியில்லை, கேடு. அந்த வேலைக்கு இதை எடுக்க வேண்டாம். கைப்பேசியில் கடிகாரம் வைப்பதையும் தவிருங்கள். மணியை நிறுத்தப் போன கை துறை வாட்ஸ்அப் குழுவில் போய் நிற்கும். சமையலறைக் கடிகாரம் அதிக விலையில்லை. நூலகத்தில் மட்டும் வேண்டாம்.

## கரும்பலகையும் பெரிய தாளும்

ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் துடைத்துத் துடைத்து மேலே போவார் என்பதை அவரோடு பழகியவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். தாளுக்குப் பணமில்லாதது முதல் காரணம். அதன் விளைவையும் நாம் அறிவோம்: நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இல்லை. இடைப்படிகள் சிலேட்டிலேயே அழிந்துபோனதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் ப்ரூஸ் பெர்ன்ட் அவற்றுக்கு நிரூபணம் சேர்த்து ஐந்து தொகுதிகளாக வெளியிட்டு முடித்தது 1998இல். கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் பெற்ற மரியம் மிர்சகானி பெரிய தாள்களைத் தரையில் விரித்து, ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே யோசிப்பார். அம்மா ஓவியம் வரைகிறார் என்று நினைத்தாளாம் சிறு மகள்.

இதன் பலம், தப்பாக எழுதப் பயமில்லாமல் போவது. கணினித் திரையில் முதல் வாக்கியமே அச்சுபோல நிற்பதால் கை தயங்குகிறவர்கள், நான்கு மணிக்குப் பிறகு காலியான வகுப்பறைக் கரும்பலகையில் இயலின் வாதத்தை அம்புக்குறி போட்டு எழுதிப் பார்க்கலாம். கணிதம், இயற்பியல் துறையினர் இதை எப்படியும் செய்வார்கள். வரலாறு, இலக்கியத் துறைக்காரர்களும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. துடைக்கும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். ராமானுஜனுக்கு இல்லாத வசதி அது.

## சேர்ந்து உட்கார்ந்து எழுதுதல்

ஸ்காட்லாந்தில் ரொவீனா மர்ரி கல்வியாளர்களுக்காக எழுத்து முகாம்களை வளர்த்தெடுத்தவர். எல்லோரும் ஒரே அறையில், அவரவர் வேலையை, பேச்சில்லாமல், குறிப்பிட்ட நேரம் எழுதுவார்கள். தொடங்கும் முன் இன்று என்ன எழுதப்போகிறேன் என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வேண்டும். முடிந்ததும் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும்.

தனிமையில் கரைந்துபோகும் முழுநேர ஸ்காலர்களுக்கு இதுவே முதல் மருந்து என்று நினைக்கிறேன். விடுதி அறையில் ஒருவர் மட்டும் லேப்டாப்போடு இருந்தால் நாள் எங்கே போகிறது என்றே தெரியாது. மூன்று பேர் நூலகத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்தால் எழுந்து போகக் கூச்சம் வரும். அந்தக் கூச்சம் நல்லது. திருமணமான ஸ்காலர்கள் சிலர் இரவு ஒன்பதரைக்கு கூகுள் மீட்டில் சேர்ந்து, மைக்கை அணைத்துவிட்டு எழுதுகிறார்கள். "மீட்டிங்ல இருக்கேன்" என்று சொன்னால் வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை, "எழுதிட்டிருக்கேன்" என்றால் கூப்பிடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னது மனதில் தைத்தது.

ஒன்று கவனிக்க வேண்டும். கைடையோ துறைத்தலைவரையோ அந்த அறையில் சேர்க்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவரானாலும் "என்னம்மா, எவ்வளவு முடிஞ்சுது?" என்று ஒருமுறை கேட்டுவிடுவார், அறை டிசி (ஆய்வை மதிப்பிடும் டாக்டோரல் கமிட்டி) மீட்டிங்காக மாறிவிடும். ஆளும் மூன்று, நான்குக்கு மேல் வேண்டாம். எல்லோருக்கும் ஒத்துவரும் நேரம் பார்ப்பதே வேலையாகிவிடும்.

## காபியை ஏன் சேர்க்கவில்லை

கேட்பார்கள் என்று தெரியும். காபி எந்த முட்டுக்கட்டையையும் நீக்குவதில்லை, இருக்கும் பழக்கத்துக்கு வேகம் கூட்டுகிறது. ஆரோக்கியமான பெரியவர் உடலில் கஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரமாகும். மாலை ஐந்து மணிக் காபியின் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. விடியற்காலைப் பழக்கத்தை எடுக்கிறவர் அந்தக் காபியை விட வேண்டும். விட முடியாதென்றால் விடியற்காலையை விட வேண்டும்.

## யாருக்கு எது

ஒன்றோடொன்று சேருபவையும் மோதுபவையும் உண்டு. நடையும் துண்டுச்சீட்டும் நன்றாகச் சேரும்: நடையில் வந்தது சீட்டில் ஏறும். கடிகாரமும் கரும்பலகையும் மோதும். இரவுக் குழுவும் விடியற்காலையும் ஒரே உடம்பில் தாங்காது. ஒரே சமயத்தில் இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள்.

உதவித்தொகையில் விடுதியில் இருக்கும் முழுநேர ஸ்காலர் என்றால் சேர்ந்து எழுதுதலும் துண்டுச்சீட்டும். சிறு குழந்தைகளோடு வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்கும் உதவிப் பேராசிரியர் ஃப்ரீ ஹவரில் கடிகாரத்தையும் கைப்பையில் சீட்டுகளையும் வைத்துக்கொள்ளட்டும். விடியற்காலையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். கோட்பாட்டு வேலை செய்பவருக்கு நடையும் கரும்பலகையும். தீசிஸ் கொடுக்க ஆறு மாதமே இருப்பவருக்குத் தினம் ஒரே நேரம், அது எந்த நேரமானாலும். அவர் குடும்பத்தோடு உட்கார்ந்து, இந்த ஆறு மாதத்துக்கு எந்த வேலையை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. கள ஆய்வுக்குப் போகிறவர், அன்றைய குறிப்பை அன்றிரவே விரித்து எழுத ஒரு மணி நேரத்தைப் பூட்டி வைக்க வேண்டும். மற்ற எல்லாம் ஊர் திரும்பியபின்.

எடுத்த பழக்கம் ஒத்துவருகிறதா என்று இரண்டு வாரத்தில் முடிவுகட்டாதீர்கள். அமைதியான சில வாரங்களையும், இன்டர்னல் தேர்வு, திருத்தம், மதிப்பெண் ஏற்றுதல் என்று கிழிந்துபோகும் ஒரு வாரத்தையும் அது கடந்து வரட்டும். அந்த வாரம் முடிந்த திங்கட்கிழமை, யாரும் நினைவுபடுத்தாமல் நீங்களாக அதற்குத் திரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவில்லையென்றால் அட்டவணையில் அடுத்ததை எடுங்கள்.